பழைய விசிறியை இறக்கிய பிறகு: பி.எல்.டி.சி. மின்விசிறியோடு ஒன்றரை ஆண்டு

எங்கள் கூடத்தில் 37 ஆண்டுகள் சுற்றிய மின்விசிறியை 2024 மாசி மாதத்தில் நானே ஏணி போட்டு இறக்கினேன். 1987இல் எங்கள் திருமணத்தின்போது மாமனார் சீர்வரிசையில் வைத்த விசிறி அது. பேரிங் தேய்ந்தபோதெல்லாம் மாற்றினேன். காயில் கருகியபோது இரண்டு முறை என் கையாலேயே கட்டினேன். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் மின்பிரிவு ஃபிட்டராக 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஓடுகிற மோட்டாரை நிறுத்தி ஓரமாக வைக்க மனம் எளிதில் வரவில்லை. அதன் இடத்தில் மாட்டிய பி.எல்.டி.சி. விசிறியையும் (பிரஷ் இல்லாத நேர் மின்சார மோட்டாரில் ஓடுவது), அதோடு வாங்கிய மற்ற நான்கையும் பற்றி எழுதுகிறேன். இரண்டு கோடை, இரண்டு ஆடி, ஒரு மழைக்காலம், ஒரு மார்கழி பார்த்தாகிவிட்டது. வாங்கிய வாரமே எழுதியிருந்தால் பாதி விஷயம் விட்டுப்போயிருக்கும்.

இறக்க வைத்தது மின்கணக்கு அட்டைதான். 2023 ஏப்ரல், மே மாதக் கணக்கில் 612 யூனிட் என்று எழுதிவிட்டுப் போனார் கணக்கெடுப்பாளர். அப்போது தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டாலோ, 101 முதல் 200 வரையான யூனிட்டுக்கு உள்ள சலுகை விலை கைவிட்டுப் போகும். 500க்கு மேற்பட்ட ஒவ்வொரு யூனிட்டுக்கும் எட்டு ரூபாய்க்குக் குறையாமல் கட்ட வேண்டியிருந்தது. வீட்டில் ஆறு பேர். குற்றம் முழுவதும் மகன் அறையில் இருக்கும் ஒரே ஏ.சி.யுடையது என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டோம்.

பேச்சு போதாது, அளந்து பார்க்கலாம் என்று பிளக்கில் செருகி வாட் காட்டும் சிறு மீட்டர் ஒன்று வாங்கினேன். ஏ.சி. இரவில் நான்கு மணி நேரம் ஓடியது. இரண்டு மாதக் கணக்குப் போட்டால் சுமார் 190 யூனிட். அடுத்து விசிறிகள். கல்யாண விசிறி முழு வேகத்தில் 82 வாட் இழுத்தது. மற்ற நான்கும் 74 முதல் 78 வரை. ஐந்தும் சேர்ந்து ஒரு நாளைக்கு 50 மணி நேரம் ஓடுவதாக ஒரு வாரம் குறித்துவைத்ததில் தெரிந்தது. அதைப் பெருக்கினால் இரண்டு மாதத்துக்கு 230 யூனிட் வருகிறது. ஏ.சி.யைவிட அதிகம்! ஒரு விசிறி தனியாக எடுப்பது அற்பம்தான். ஆனால் அது காலையில் தொடங்கினால் மறுநாள் காலை வரை ஓடுகிறது, ஒன்றுக்கு ஐந்தாக ஓடுகிறது, வருடத்தில் பத்து மாதம் ஓடுகிறது. இதை நான் அதுவரை உட்கார்ந்து கணக்குப் பார்த்ததே இல்லை.

பி.எல்.டி.சி. என்பது எனக்குப் புரியாத சங்கதி அல்ல. எங்கள் பணிமனைக்கு வரும் பழைய ரயில் பெட்டிகளில் கூண்டுக்குள் சுற்றும் விசிறிகள் 110 வோல்ட் நேர் மின்சாரத்தில் ஓடுபவை. அவற்றின் நோய் கார்பன் பிரஷ். தேய்ந்து தேய்ந்து பொடியாகும், மாற்றிக்கொண்டே இருப்போம். புதிய விசிறியில் அந்த பிரஷ் இல்லை. சுற்றுகிற ஓட்டில் நிலைக்காந்தம், நடுவில் அசையாமல் நிற்கும் காயில், எந்தக் காயிலுக்கு எப்போது மின்சாரம் தருவது என்று முடிவு செய்ய ஒரு மின்னணு போர்டு. நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கும் சாதா விசிறியில் காந்தம் கிடையாது. சுற்றும் பகுதியில் காந்த சக்தியை உண்டாக்கவே மின்சாரத்தில் ஒரு பங்கு போய்விடும், அது சூடாக வெளியே வரும். மூன்று மணி நேரம் ஓடிய பழைய விசிறியை நிறுத்திவிட்டு அதன் வயிற்றில் கை வைத்துப் பாருங்கள், சுடும். அந்தச் சூடும் நாம் படுத்திருக்கிற அதே அறைக்குள்தான் இறங்குகிறது. புதிய விசிறியைத் தொட்டால் வெதுவெதுப்பு மட்டுமே.

சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் வாங்கினோம். விற்பனையாளர் தம்பி நட்சத்திரத்தைக் காட்டினார், ரிமோட்டைக் காட்டினார், நிறத்தைக் காட்டினார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளின் அடியில் உள்ள சிறிய எழுத்தைப் படித்தேன். 2023 ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கு நட்சத்திர லேபிள் கட்டாயம். அதில் இரண்டு எண்கள் முக்கியம். நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்றைத் தள்ளுகிறது என்பது ஒன்று. அதை வாட்டால் வகுத்தால் வரும் எண் மற்றொன்று. நாங்கள் வாங்கியபோது 1200 மில்லிமீட்டர் விசிறியில் இந்த இரண்டாவது எண் 6ஐத் தொட்டால் ஐந்து நட்சத்திரம். வாட் மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற நேரிடும். காற்றையும் குறைத்து வாட்டையும் குறைத்த விசிறிகள் அதே அலமாரியில் இருந்தன. நான் எடுத்ததில் காற்று 220, வாட் 30, வகுத்தால் 7.3. ஒன்று 2,950 ரூபாய். அதே கடையில் சாதா விசிறி 1,750க்குக் கிடைத்தது.

மாட்டும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பழைய ரெகுலேட்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு வயரை நேராக இணைக்க வேண்டும். வேகத்தைக் குறைக்கும் வேலையை உள்ளே இருக்கும் போர்டு பார்த்துக்கொள்ளும். வெளியே இன்னொரு ரெகுலேட்டர் இருந்தால் அந்த போர்டுக்கு ஆபத்து. பக்கத்துத் தெரு வீடு ஒன்றில் ரெகுலேட்டரைக் கழற்றாமலே மாட்டி, ஒரே மாதத்தில் விசிறி நின்றுவிட்டது. கூரையிலிருந்து இறக்கைக்கு ஒரு முழ இடைவெளியாவது விடுங்கள். அழகுக்காகக் கூரையோடு ஒட்டி மாட்டினால் மேலே இழுக்கக் காற்று இருக்காது. அதே வாட், குறைந்த காற்று.

முழு வேகத்தில் என் மீட்டர் 31 வாட் காட்டியது. லேபிளில் போட்டது பொய்யில்லை. எனக்கு மகிழ்ச்சி தந்தது அதுவல்ல, குறைந்த வேகம். மூன்றில் 14 வாட். ஒன்றில் 6 வாட். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அதற்குத் தேவையான சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பது காற்றின் கணக்கு. பழைய விசிறிகளில் அந்த லாபம் நம் கைக்கு வந்து சேரவில்லை. கூடத்தில் இருந்தது அந்தக் காலத்துப் பெரிய பெட்டி ரெகுலேட்டர். ஒன்றில் வைத்தாலும் விசிறியும் பெட்டியுமாக 58 வாட் இழுத்தன, மிச்சத்தைப் பெட்டி சூடாக்கித் தீர்த்தது. படுக்கையறைகளில் பின்னால் வந்த மின்னணு ரெகுலேட்டர் பரவாயில்லை, 20 வாட் அளவுக்கு இறங்கியது. அங்கே 20, இங்கே 6. வருடம் முழுவதும் விசிறி ஓடுகிற நம் ஊரில் இந்த இடத்தில்தான் பி.எல்.டி.சி. தன் விலையைத் திருப்பித் தருகிறது. கடையில் யாரும் இதைச் சொல்லவில்லை.

காலத்தை வைத்தே சொல்கிறேன்.

கத்திரி வெயிலில் எந்த விசிறியும் அறையைக் குளிர்விக்காது. திருச்சி வெயிலில் பகல் முழுக்கக் காய்ந்த மொட்டை மாடி இரவு பதினொரு மணி வரை சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டைத்தான் விசிறி நம்மேல் வீசும். 31 வாட் விசிறியும் வீசும், 82 வாட் விசிறியும் வீசும். விசிறி குளிர்விப்பது நம் தோலில் உள்ள வியர்வையை உலர்த்தி. ஆகவே ஆள் இல்லாத அறையில் சுற்றும் விசிறி எந்த நன்மையும் செய்வதில்லை. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி, எழுந்தால் நிறுத்து என்று பழக்கப்படுத்த ஒரு மாதம் ஆனது. மாலையில் மாடியில் தண்ணீர் தெளிப்பதும், இருட்டியதும் ஜன்னல்களைத் திறப்பதும் இன்றும் நடக்கின்றன. மாலை ஏழு மணிக்கு எங்கள் பகுதியில் மின்னழுத்தம் இறங்கும்போது பழைய விசிறி சோர்ந்துபோகும். புதியது வேகம் குறையாமல் ஓடுகிறது. மே மாதத்தில் இது பெரிய ஆறுதல்.

2024 ஏப்ரல், மே கணக்கு 478 யூனிட். 134 யூனிட் குறைவு. ஐநூறுக்குக் கீழே வந்ததால் சலுகை விலையும் திரும்பக் கிடைத்து, பணத்தில் 1,200 ரூபாய்க்கு மேல் இறங்கியது. 2025 கோடையில் இன்னொன்றும் செய்தோம். மகன் 23 டிகிரியில் வைத்துக்கொண்டிருந்த ஏ.சி.யை 27க்கு உயர்த்தி, விசிறியை இரண்டில் ஓடவிட்டோம். ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீதம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. முதல் இரண்டு இரவு மகன் முகம் சுளித்தான். மூன்றாம் இரவு போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கினான். அந்தக் கணக்கு 441 யூனிட்.

ஆடியில் கூடத்து விசிறிக்கு ஓய்வு. மேற்கு ஜன்னலைத் திறந்தால் வாசல் வரை காற்று வீட்டைக் கழுவிக்கொண்டு போகிறது. அந்தக் காற்றிருக்கும்போது பழக்க தோஷத்தில் ஸ்விட்சைத் தட்டாமல் இருப்பதுதான் சிக்கனம். ஆடிப் புழுதி இறக்கையின் முன்விளிம்பில் தடிமனாகப் படியும். பழைய தலையணை உறையை இறக்கைக்குப் போட்டதுபோல் மாட்டி உருவினால் தூசி முழுவதும் உறைக்குள் விழுந்துவிடும், கட்டிலில் கொட்டாது. என் மருமகள் கற்றுக்கொடுத்தது. துடைத்த அன்று காற்றின் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

ஐப்பசி, கார்த்திகையில் வெக்கைக்கு அல்ல, வேறு வேலைகளுக்கு விசிறி ஓடும். பேத்தியின் பள்ளிச் சீருடை கொடியில் உலராமல் கூடத்துக்கு வரும். தீபாவளிக்கு முன்னால் அதிரசத்துக்கு ஊறவைத்து வடித்த பச்சரிசியை என் மனைவி வேட்டியில் பரப்பி விசிறிக்கு அடியில் வைப்பாள். முழுக்கக் காய்ந்துவிடக் கூடாது, கையில் ஒட்டும் ஈரம் இருக்க வேண்டும். பழைய விசிறியில் ஒன்றில் வைத்தால் காற்று போதாது, இரண்டில் வைத்தால் அரிசி ஓரங்களில் காய்ந்துபோகும். இப்போது ரிமோட்டில் இரண்டு வைத்துவிட்டு அரைமணிக்கு ஒரு முறை தொட்டுப் பார்க்கிறாள். கொசுவும் இந்த மாதங்களில்தான் அதிகம். கொசுவால் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது என்பதால் குளிராக இருந்தாலும் இரவெல்லாம் மூன்றில் ஓடவிடுகிறோம். முன்பு அதற்கு 45 வாட் ஆனது, இன்று 14.

மார்கழியில் எல்லா அறையிலும் விசிறி ஒன்றாம் வேகத்தில்தான். 2023 டிசம்பர், 2024 ஜனவரிக் கணக்கு 402. அடுத்த ஆண்டு அதே மாதங்களில் 330. என் மனைவிக்கு மூட்டு வலி, பின்னிரவுக் காற்று ஆகாது. முன்பெல்லாம் இரண்டு மணிக்கு என்னை எழுப்பி, “என்னங்க, விசிறியைக் கொஞ்சம் குறையுங்கள்” என்பாள். இப்போது தலையணைக்கடியில் ரிமோட் இருக்கிறது.

சில பி.எல்.டி.சி. விசிறிகளில் எதிர்த்திசையில் சுற்றவைக்கும் பொத்தான் உண்டு. குளிர் நாடுகளில் ஹீட்டரின் சூடான காற்று கூரையடியில் போய்த் தங்கிவிடும்; விசிறியை மெல்ல எதிர்த்திசையில் சுற்றவிட்டால் நடுவில் காற்று மேலேறி, சுவரோரமாகச் சூடு கீழே இறங்கும். ஹீட்டரைச் சற்றுக் குறைத்துவைக்கலாம். ஊட்டியில், குன்னூரில் அறையைச் சூடாக்குகிற வீடுகளுக்கு இது பொருந்தும். திருச்சிக்காரர் இந்தப் பொத்தானுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இன்வர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. எங்களுடையது 150 ஆம்பியர்-மணி பேட்டரி. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு மின்சாரத்தை நிறுத்தினால் முன்பு பகல் பன்னிரண்டரைக்குள் பேட்டரி அழத் தொடங்கிவிடும். இப்போது அதில் இணைத்த நான்கு விசிறியும் ஓடி, பிற்பகல் மூன்றரை மணி தாண்டியும் தாங்குகிறது.

இனி என் மனக்குறை. 2024 ஐப்பசியில் ஒரு மாலை, நல்ல இடி மழை. பேத்தி அறை விசிறி நின்றுவிட்டது. நிறுவனத்தின் சேவை எண்ணுக்கு அன்றே சொன்னோம். நான்கு நாள் கழித்து ஆள் வந்தார். போர்டு போய்விட்டது என்றார், கையிருப்பு இல்லை என்றார். பதினோராம் நாள் மாற்றினார். உத்தரவாதக் காலம் என்பதால் பணம் வாங்கவில்லை. அவர் மரியாதையான பையன், அவர்மேல் தவறில்லை. கழற்றிய போர்டைக் கேட்டு வாங்கி, பழைய பணிமனைக் கண்ணோடு பார்த்தேன். மின்னழுத்த எழுச்சியைத் தடுக்கும் சின்ன வில்லை ஒன்று கருகியிருந்தது. சில ரூபாய்க்குக் கிடைக்கிற பாகம். ஆனால் போர்டு முழுவதும் பிசின் ஊற்றி மூடியிருந்ததால் பற்றவைக்கும் இரும்பை உள்ளே நுழைக்க இடமில்லை. ஈரமும் தூசியும் புகாமல் இருக்கத்தான் பிசின் ஊற்றுகிறார்கள், எனக்குத் தெரியும். அந்தப் பாதுகாப்பு வில்லையையாவது வெளியே, மாற்றுகிற மாதிரி வைத்திருக்கலாம். சாதா விசிறி நின்றால் தெருமுனைக் கடையில் நூறு ரூபாய்க்குள் கண்டென்சர் மாற்றி அன்று இரவே காற்று வாங்கலாம். பேத்திக்கு அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்கிற நேரம். பதினோரு இரவும் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தாள். இந்த விசிறியைச் செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து போர்டுகளை ஊர்க் கடைகளில் விற்பனைக்கு வையுங்கள். காயில் கட்டிப் பிழைத்த கைகள் இந்த ஊரில் நிறைய இருக்கின்றன, அவர்கள் கற்றுக்கொள்வார்கள். இப்போது இடி கேட்டால் சுவர் ஸ்விட்சை அணைத்துவிடுகிறோம்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கும் 14,750 ரூபாய் ஆனது. ஆண்டுக்கு மிச்சமாவது ஏறக்குறைய 3,900. நன்றாக ஓடிக்கொண்டிருந்த விசிறியை இறக்கிவிட்டு மாட்டியவனுக்குப் போட்ட காசு திரும்ப மூன்றே முக்கால் ஆண்டு ஆகும். உத்தரவாதமோ மூன்று ஆண்டுதான். எப்படியும் புது விசிறி வாங்கியே ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்குச் சாதா விசிறிக்கும் இதற்கும் உள்ள 1,200 ரூபாய் வித்தியாசம் மட்டுமே செலவு. அது ஒன்றரை ஆண்டில் கழிந்துவிடும். இந்த இரண்டு நிலையையும் ஒன்றாகக் குழப்பி, “ஒரே ஆண்டில் காசு திரும்பிவிடும்” என்று விற்பது நியாயமில்லை.

சாப்பாட்டு அறை விசிறியை நான் மாற்றியிருக்கவே கூடாது. அது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஓடும். ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் 16 யூனிட்தான் மிச்சம். அதற்கு விழுந்த 2,950 ரூபாய் என் காலத்தில் திரும்பாது. ஒரே மாதிரி இருக்கட்டும் என்று ஐந்தாக வாங்கியது தவறு. கூடத்து விசிறியோ நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓடுகிறது. அது தனியாகவே இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 50 யூனிட் மிச்சம் பிடிக்கிறது.

எதிர்வீட்டு அண்ணன், அவரும் பொன்மலையில் என்னோடு வேலை பார்த்தவர், எங்கள் அட்டையைப் பார்த்துவிட்டுத் தம் வீட்டு ஆறு விசிறியையும் மாற்றக் கிளம்பினார். ஒரு வாரம் எந்த அறையில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று சுவரில் எழுதிவையுங்கள் என்றேன். எழுதினார். கூடத்துக்கு ஒன்று, அவர்கள் படுக்கையறைக்கு ஒன்று, இரண்டு போதும் என்று ஆயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை சத்திரத்துக்குப் போகிறோம். லேபிள் படிக்கக் கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.